தாமிரபரணியில் பொடிமீன் கூட்டம் பார்த்தல்: பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை

முதல் நாள்: பாபநாசம்

தாமிரபரணியில் பொடிமீன் கூட்டம் பார்க்க மாசி, பங்குனிதான் தோதான காலம். வடகிழக்குப் பருவமழைக் கலங்கல் தெளிந்திருக்கும். பிசானப் பருவ நெல்லுக்காக அணையில் திறந்த தண்ணீரும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சித்திரைக்கு மேல் தெளிவு கூடினாலும் ஓட்டம் சுருங்கிவிடும். ஓட்டம் இல்லாத தண்ணீரில் மீன்கள் ஒரே திசை பார்த்து நிற்க வேண்டிய அவசியம் குறைந்துபோகும். ஜூனில் மலையில் மழை பிடித்து, கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டதும் மறுபடி கலங்கல்தான்.

பாபநாசம் கோயில் படித்துறையில் இறங்கியதுமே கண்ணில் படுவது பொரிக்குப் பழகிய பெரிய மீன்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாயைப் பிளந்து, தண்ணீரைக் கொதிக்க வைக்கும். எல்லோரும் கைபேசியில் எடுப்பது இதைத்தான். ஆனால் நாம் தேடி வந்தது இது இல்லை.

மீன்கள் சேர்ந்திருப்பதில் மூன்று தரம் உண்டு. தீனியோ நிழலோ இழுத்துச் சேர்த்தது வெறும் திரள். தீனி தீர்ந்தால் கலைந்துவிடும். ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல், ஆனால் ஆளுக்கொரு பக்கம் தலைவைத்து மேய்வது கூட்டம். அதே கூட்டம் ஒரே பக்கம் தலை திருப்பி, ஒரே வேகத்தில், அளவான இடைவெளி விட்டு நீந்தினால் அது அணி. ஒரே கூட்டம் ஒரு நிமிடத்துக்குள் அணியாகி, மறுபடி தளர்ந்து கூட்டமாகும். மேயும்போது தளரும்; பயந்தாலோ இடம்பெயர்ந்தாலோ இறுகும். கண்டுபிடிப்பது எளிது. ஏதாவது பத்து மீன்களின் தலையைப் பாருங்கள். எட்டு தலைகளாவது ஒரே பக்கம் இருந்தால் அணி என்று எழுதிக்கொள்ளலாம். நான்கைந்துதான் என்றால் கூட்டம்.

பொரி போட்டு வரவழைத்தால் அணி கிடைக்காது, திரள்தான் கிடைக்கும். பார்க்க வந்தவர்கள் பொரிப் பாக்கெட்டைத் தொடாமல் இருப்பது நல்லது. அதைவிடப் பெரிய கேடு, பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விட்டுப்போகும் துணி. கூழாங்கல் தரையில் துணி படிந்தால் கல்லில் பாசி வளராது, பூச்சிப் புழு தங்காது, கல்லிடுக்கில் முட்டையிடும் மீனுக்கு இடமும் இல்லை. அள்ள அள்ள மறுபடி சேருகிறது. துணியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாலும் பாவம் தீரும் என்று கோயில் வாசலிலேயே யாராவது உரக்கச் சொன்னால் ஆற்றுக்குப் புண்ணியம்.

படித்துறையைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்தில் ஓடும் இடத்துக்கு வாருங்கள். மேல்மட்டத்தில் நீலமும் மஞ்சளும் கோடு கோடாக ஓடிய உடம்போடு பதினைந்து இருபதாய் எதிர்நீச்சல் போடுவது டேவரியோ. அதற்கு நேர் கீழே கல்லோடு ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டுவது காரா. இரண்டும் ஓரடி இடைவெளியில் இருந்தாலும் காரா அணி சேராது. தரையோரம் தண்ணீரின் வேகம் குறைவு, ஒட்டிக்கொள்ளக் கல்லும் இருக்கிறது. நடுத்தண்ணீரில் மறைய இடமே கிடையாது. பக்கத்து மீன்தான் மறைவு. முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு மீனைத் தேடுங்கள் என்று இந்தத் தொடர் முழுக்கச் சொல்லப்போவதற்குக் காரணம் இதுதான்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். தண்ணீரின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். கடையில் சோதிக்க, கண்ணாடியைக் கைபேசித் திரைக்கு முன் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டால் அசல். இருநோக்கி (பைனாகுலர்) வாங்குவதாக இருந்தால் மூன்று மீட்டருக்குள்ளேயே குவியம் கிடைக்கிறதா என்று பாருங்கள். பறவைக்காக வாங்கிய பல கருவிகள் இங்கே உதவுவதில்லை. காக்கி, சாம்பல், மங்கிய பச்சை நிறச் சட்டை. ஐந்து மீட்டர் நூல். ஒரு நோட்டு.

பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988 முதல். சோதனைச் சாவடி தாண்டி ஆற்றோரம் உட்கார வனத்துறை அனுமதி வேண்டும். மீன் பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இரண்டாம் நாள்: கல்லிடைக்குறிச்சி, கன்னடியன் அணைக்கட்டுப் பகுதி

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. மீன் பார்க்கிறவருக்கு ஒவ்வொரு அணைக்கட்டும் மூன்று விதத் தண்ணீரை ஒரே இடத்தில் தருகிறது: மேலே தேங்கியது, கீழே நுரைத்து விழுவது, அதற்கும் கீழே ஒழுங்காக ஓடுவது. மூன்றாவதில் உட்காருங்கள்.

முதல் வேலை ஓட்டத்தை அளப்பது. நூலைக் கரையோரம் ஐந்து மீட்டருக்கு நீட்டி, ஒரு காய்ந்த இலையை மேல்முனையில் விட்டு எத்தனை நொடியில் கீழ்முனையைக் கடக்கிறது என்று பாருங்கள். பத்து நொடி என்றால் நொடிக்கு அரை மீட்டர். இலை காட்டுவது மேற்பரப்பின் வேகம். அடியில் இதைவிடக் குறைவு. ஐந்து சென்டிமீட்டர் மீன் தன் நீளத்தைப்போல் சில மடங்கு தூரத்தைத்தான் ஒரு நொடியில் களைக்காமல் நீந்தும். அரை மீட்டர் வேகம் அதற்கு மிகுதி. அதனால் கூட்டம் நடு ஓட்டத்தில் நிற்காது. வேக ஓட்டமும் மந்த ஓட்டமும் உரசும் விளிம்பில், மந்தப் பக்கம் நிற்கும். இரை வேகப் பக்கம் மிதந்து வரும்; மீன் எட்டிப் பிடித்துவிட்டுத் திரும்பி இடத்துக்கு வரும். அந்த விளிம்பு மேற்பரப்பில் நெளிநெளியான ஒரு கோடாகத் தெரியும். கோட்டைக் கண்டுபிடித்தால் கூட்டத்தைக் கண்டுபிடித்த மாதிரி.

மீன் எதிர்நீச்சல் போட்டு ஆறு வரும் மேல்பக்கம் பார்த்து நிற்பதால், நீங்கள் ஆறு போகும் கீழ்பக்கத்திலிருந்து வர வேண்டும். காலை எட்டிலிருந்து பத்து, மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை வெளிச்சம் நன்றாக இருக்கும். சூரியன் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும்; முன்னால் இருந்தால் பளபளப்பில் ஒன்றும் தெரியாது. நீர்ப்பரப்பிலிருந்து 37 பாகை சாய்வில் பார்க்கும்போது போலரைஸ்டு கண்ணாடி பளபளப்பை ஏறக்குறைய முழுவதும் வெட்டிவிடும். செங்குத்தாகப் பார்க்கிறவருக்கு அந்தக் கண்ணாடியால் பெரிய பலன் இல்லை.

மீனுக்கு நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்பதும் முக்கியம். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வானமும் கரையும் முழுவதும் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடும். தாழ்வாக இருப்பவை அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கி மங்கலாகத் தெரியும். நீர்மட்டத்திலிருந்து பத்துப் பாகை உயரத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஆறு மீட்டர் தள்ளி இருக்கிறவருக்கு அது ஒரு மீட்டர் உயரம், அதாவது சம்மணமிட்டு உட்கார்ந்தால் தலை வரும் மட்டம். நின்றால் தெரிந்துவிடுவீர்கள்.

பேச்சுச் சத்தம் பெரும்பாலும் நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடும். காலடி அதிர்வுதான் மண்வழியாக நேரே போய்ச் சேரும். தொம்தொம்மென்று இறங்கி வந்தவர் எவ்வளவு மெல்லப் பேசினாலும் பயனில்லை. வந்து உட்கார்ந்த பின் கால் மணி நேரம் அசையாமல் இருங்கள். சிதறிய கூட்டம் அதே விளிம்புக்குத் திரும்பி வருவது அதற்குப் பிறகுதான்.

இங்கே நடுமட்டத்தில் அதிகம் தெரிவது ரஸ்போரா: மூக்கிலிருந்து வால்வரை ஒரு கரும்பட்டை. அதோடு கலந்து நிற்பவை கெண்டைகள். வாலடியில் கரும்பொட்டும், வால்துடுப்பு நுனிகளில் சிவப்பும் கறுப்பும் இருந்தால் டாகின்சியா ஃபிலமென்டோசா. உடம்பில் பட்டைபட்டையாகக் கருந்திட்டுகளும், ஆண்மீனின் முதுகுத் துடுப்பில் இழை இழையாக நீண்ட கதிர்களும் இருந்தால் டாகின்சியா டாம்ப்ரபர்னியை. மீனியலாளர் இ. ஜி. சைலஸ் 1954-இல் விவரித்த இந்த மீன் இந்த ஆற்றுப் படுகையை விட்டால் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. இழை தெரிவதற்கு மீன் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். மேலிருந்து பார்க்கிறவர் தவறவிடுவார்.

ஓர் அணியை ஒரு நிமிடம் விடாமல் பார்த்தால் தலைவன் என்று யாரும் இல்லாதது புரியும். முன்னால் இருந்த மீன் இரைக்காகத் திரும்பினால் பின்வரிசை முன்வரிசையாகிவிடும். ஒவ்வொரு மீனும் பக்கத்து மீன்களை மட்டும் கவனிக்கிறது: மிக நெருங்கினால் விலகு, தூரப் போனால் சேர், நடுத்தூரத்தில் இருந்தால் அதே பக்கம் திரும்பு. இந்த மூன்றை மட்டும் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தாலே திரையில் மீன் அணி உருவாவதை 1980-களிலேயே காட்டிவிட்டார்கள்.

பார்வை மட்டும் இல்லை. மீனின் செவுளிலிருந்து வால்வரை ஓடும் மெல்லிய புள்ளிக்கோடு, பக்கத்தில் நீந்துபவர் தள்ளும் தண்ணீரை உணரும் உறுப்பு. கண்ணைத் தற்காலிகமாக மறைத்த சைத் என்ற கடல்மீன் அணியோடு சேர்ந்து நீந்தியதை 1976-இல் பிட்சர், பார்ட்ரிட்ஜ், வார்டில் மூவரும் காட்டினார்கள். கண்ணும் இல்லை, அந்தக் கோட்டின் உணர்வும் இல்லை என்றபோதுதான் அணி சேர முடியாமல் போனது. ஓரமாக இருக்கும் ரஸ்போராவை இருநோக்கியில் பிடித்தால் இந்தக் கோட்டை நீங்களும் பார்க்கலாம். கரும்பட்டைக்குக் கீழே வயிற்றுப் பக்கமாக வளைந்து போகும்.

எச்சரிக்கை ஒன்று. அணையில் தண்ணீரைக் கூட்டினால் இங்கே சத்தமில்லாமல் மட்டம் ஏறும். உட்காரும்போதே தண்ணீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வையுங்கள். கல் நனைந்து மூழ்கத் தொடங்கினால் உடனே கரையேறுங்கள். அணைக்கட்டின் மேல் பாசி படிந்த கல்லில் நடக்கவே வேண்டாம்.

மூன்றாம் நாள்: திருப்புடைமருதூர்

கடனாநதி வந்து சேரும் இடம். ஊர்க்காரர்களே பறவைகளைக் காத்து வந்ததால் 2005-இல் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி எல்லாம் ஒரே இடத்தில் உண்டு என்பதால், தாக்கப்படும்போது கூட்டம் என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இந்த ஆற்றில் இல்லை.

மேலே பாருங்கள், கீழே இல்லை. கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றால், அதற்கு நேர் கீழே கண்ணை வையுங்கள். விழுவதற்கு முன்பே கூட்டம் இறுகுவது தெரியும். விழுந்ததும் வெடித்துச் சிதறும். சில நொடியில் தனித்தனியாய் நின்றவை பக்கத்துக் கும்பலோடு சேரும். சின்னக் கும்பல்கள் ஒன்றாகும். மீன்கொத்தி பெரும்பாலும் குறிவைப்பது சேரத் தவறியதை. ஒரே மாதிரியான நூறு மீன்கள் ஒன்றாகத் திரும்பும்போது எதிரியின் கண்ணால் ஒன்றை மட்டும் விடாமல் பின்தொடர முடிவதில்லை. கூட்டத்தில் நிறமோ அளவோ வேறுபட்ட ஒரு மீன் இருந்தால் அதற்குத்தான் ஆபத்து. அளவு வாரியாகப் பிரிந்து கூட்டம் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீர்க்காகம் தண்ணீருக்குள் துரத்தும்போது நடப்பது வேறு. கூட்டம் அதன் முன்னால் இரண்டாகப் பிளந்து, இருபுறமும் வளைந்து, அதன் வாலுக்குப் பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நேர்க்கோட்டில் பறவை வேகமானது. சட்டென்று திரும்புவதில் பொடிமீனுக்கு ஈடில்லை.

கவனித்துப் பார்க்க வேண்டியது அந்த வெள்ளி மின்னல். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மீன் சட்டென்று வளைந்தால், செதிலில் உள்ள குவானின் படிகங்கள் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் எறியும். அடுத்த மீன் திரும்பும், அதன் அடுத்தது திரும்பும். நெல்வயலில் காற்று போவதுபோல் மின்னல் கூட்டத்தின் மறுகோடிக்குப் போய்விடும், எந்த ஒரு மீனும் நீந்தக்கூடிய வேகத்தைவிட வேகமாக. ஆபத்தை நேரில் பார்க்காத மீனும் தப்பிவிடுகிறது. இதைக் கைபேசியில் எடுக்கச் சாதாரண வேகம் போதாது. நொடிக்கு 120 அல்லது 240 படம் வைத்து, வெயில் நேரத்தில் எடுங்கள். மேகம் மூடினால் படம் இருண்டுவிடும்.

கொத்துப்பட்டுத் தப்பிய மீன் ஒன்று தண்ணீரில் விழுந்தால் அதன் பின் பல நிமிடங்கள் அந்த இடத்தில் கூட்டம் தரையோடு தரையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். தோல் கிழிந்தால் வெளியாகும் ஒரு பொருளை மற்ற மீன்கள் முகர்ந்து அஞ்சுகின்றன என்பதைக் கெண்டைக் குடும்பத்தின் சின்ன மீன் ஒன்றில் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938-இல் கண்டுபிடித்தார். நம் கெண்டைகளும் அதே குடும்பம்தான். அதனால்தான் தூண்டில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது.

பொழுது சாய்ந்து எழுத்துப் படிக்க முடியாத வெளிச்சம் வரும்போது அணி தளர்ந்து, மீன்கள் கரையோர நாணல் அடியில் தனித்தனியாய் ஒதுங்கும். விடியும்போது திரும்பச் சேரும். இதைப் பார்க்க விரும்புகிறவர் டார்ச் அடிக்காமல், வெளிச்சத்துக்குக் கண் பழகும்வரை காத்திருக்க வேண்டும்.

நான்காம் நாள்: குறுக்குத்துறை, கொக்கிரகுளம்

ஊருக்குள் வந்ததும் தண்ணீர் மாறுகிறது. குறுக்குத்துறை முருகன் கோயில் பாறைகளைச் சுற்றி இன்னும் நல்ல ஓட்டம் இருக்கிறது. பாறைக்குப் பின்னால் சுழலும் மந்தத் தண்ணீரில் வெள்ளிச்சிகள் மேல்மட்டத்தில் அலையும். முதுகு பச்சை கலந்த சாம்பல் என்பதால் மேலிருந்து பார்த்தால் தண்ணீரோடு கலந்துவிடும். மீனைத் தேடாமல் மணல்தரையில் அதன் நிழலைத் தேடுங்கள். உச்சி வெயிலில் நிழல் மீனுக்கு நேர் கீழே விழும், சாய்ந்த வெயிலில் தள்ளி விழும். 1843-இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்துக்குப் பக்கத்துப் படித்துறைகளிலும் இந்த நிழல் பார்வைதான் கைகொடுக்கும்.

எண்ணிக்கை எடுக்க இது நல்ல இடம். ஒவ்வொன்றாக எண்ணாதீர்கள். இறுகிய அணியில் ஒரு மீன் ஏறக்குறையத் தன் நீளத்தைப் பக்கமாகக் கொண்ட கனசதுரத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளும். ஐந்து சென்டிமீட்டர் மீன், அணியின் நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் அரை மீட்டர், கனம் பார்வைக்குப் பதினைந்து சென்டிமீட்டர் என்று வையுங்கள். மேலிருந்து நேராகப் பார்க்கும்போது தண்ணீருக்குள் ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரியும். உண்மையான கனம் இருபது சென்டிமீட்டர். பெருக்கி வகுத்தால் சுமார் 1,200 மீன்கள். தளர்ந்த கூட்டத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, பல மடங்கு கூட்டிச் சொல்லிவிடும். அதற்குப் படம் எடுத்து, திரையில் கட்டம் போட்டு, நான்கு கட்டத்தை மட்டும் எண்ணிச் சராசரி எடுங்கள்.

சாக்கடை கலக்கும் இடங்களில் விடிகாலையில் மீன்கள் நீர்ப்பரப்போடு வாயை வைத்து மிதப்பதைப் பார்த்து அதைக் கூட்டம் என்று குறித்துக்கொள்ளக் கூடாது. இரவு முழுக்கப் பாசியும் கழிவும் பிராணவாயுவைத் தின்றுவிட்டன. மேற்பரப்புத் தண்ணீரில் மிஞ்சியதை உறிஞ்ச ஏறி வந்திருக்கின்றன. வெயில் ஏறி, பாசி மறுபடி பிராணவாயு விடத் தொடங்கியதும் இறங்கிவிடும். அவ்வளவு பெரிய மலையிலிருந்து வரும் தண்ணீரில் மீன் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. நேரத்தையும் இடத்தையும் படத்தோடு குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். மத்தியானம் எடுத்த படத்தில் இது தெரியாது.

கால்வாய் ஓரத் தேக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தட்டகலத்துக்குப் பொடிப்பொடியாய்ப் பொங்கிப் பொங்கி அமிழ்வது விரால் பார்ப்பு. காற்றைக் குடிக்க மேலே வந்து போகும். அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். கிட்டப் போனால் பார்ப்பு அமிழ்ந்து, பெரிய மீன் ஒன்று தண்ணீரை அடிக்கும். அதுதான் எல்லை, அதற்கு மேல் போக வேண்டாம். பெற்றோரைப் பிடித்துவிட்டால் அந்தப் பார்ப்பை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

ஐந்தாம் நாள்: ஸ்ரீவைகுண்டம், புன்னைக்காயல்

சீவலப்பேரிக்கு அருகே சிற்றாறு சேர்ந்து, மருதூர் தாண்டி, ஸ்ரீவைகுண்டத்தில் கடைசித் தடுப்பு. அதற்குக் கீழே வெயில் காலத்தில் ஆறு குட்டை குட்டையாகத் துண்டுபட்டுவிடும். குட்டைக்குள் சிக்கிய கூட்டம் நாளுக்கு நாள் நெருங்கும். கொக்குகள் சுற்றி நிற்கும். நெரிசலைப் பார்த்து மீன் வளம் என்று நினைத்துவிட வேண்டாம், தண்ணீர் குறைந்ததன் விளைவு அது. 2023 டிசம்பர் வெள்ளம் இந்தப் பகுதியில் கரையையும் மணல்திட்டுகளையும் புரட்டிப்போட்டது. பழைய வழிக்குறிப்பை நம்பி இறங்காதீர்கள். கசம் (ஆழமான பள்ளம்) எங்கே என்று உள்ளூரில் துணி துவைப்பவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

புன்னைக்காயலில் உப்புத் தண்ணீர். இங்கே ஆற்றோட்டத்தைவிடக் கடல் ஏறி இறங்கும் ஏற்றவற்றம்தான் கணக்கு. மடவைக் குஞ்சுகள் ஏற்றத்தோடு உள்ளே வரும், கரையோர ஆழமில்லாத தண்ணீரில் சேற்றை மேய்ந்துகொண்டே நகரும். ஏற்றம் தொடங்கி முதல் இரண்டு மணி நேரம் நல்லது: தண்ணீர் தெளிவாக உள்ளே வருகிறது, மீன் கரையை ஒட்டி வருகிறது. வற்றத்தில் சேறு கரைந்து இறங்குவதால் ஒன்றும் தெரியாது. மேற்பரப்பில் காற்றுக்கு எதிராகச் சின்னச் சின்னச் சுருக்கம் ஓடினால் அதன் அடியில் மடவை நகர்கிறது. காற்றோடு சேர்ந்து ஓடினால் அது வெறும் சிற்றலை. வளர்ந்த மடவை தண்ணீருக்கு மேல் துள்ளும்போது எல்லோரும் துள்ளிய இடத்தைப் பார்ப்பார்கள். கூட்டம் அதற்குள் நகர்ந்திருக்கும். துள்ளிய திசைக்கு நேராக இரண்டு மூன்று மீட்டர் முன்னால் பாருங்கள்.

அலையாத்திச் செடிகளின் வேரைச் சுற்றிச் சேறு இடுப்பளவுக்கு வாங்கும். கரையிலிருந்து பார்ப்பது போதும். படகில் போவதாக இருந்தால் வலை போட்டிருக்கும் இடத்தை விலகிப் போகச் சொல்லுங்கள், இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பில் நெருங்கச் சொல்லுங்கள். ஏற்றம் எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாள் மாலையே மீனவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும், நேற்றைய நேரத்துக்கு வந்து உட்கார்ந்தால் ஏற்றம் தொடங்கியிருக்காது.